பெயரில் மட்டும் சூரியன்

இலக்கியம் பயின்றவர்களாகிய நமக்குப் பூக்கள் விஷயத்தில் ஒரு தைரியம் உண்டு. பார்த்தேயிராத பூவைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிடுவோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்கள் 99 என்பது மரபான கணக்கு. முதுகலை வகுப்பில் அந்தப் பட்டியலை மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பாராட்டுப் பெற்றவர்களில் நாமும் ஒருவர். அவற்றுள் எத்தனையைச் செடியோடு பார்த்து அடையாளம் சொல்ல முடியும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரு கை விரல்களுக்குள் கணக்கு முடிந்திருக்கும்.

இந்தத் தைரியத்தின் பலனை நாம் ஒருமுறை நன்றாகவே அனுபவித்தோம். இக்கட்டுரை ஹெலியோட்ரோப் என்னும் பூச்செடியை வளர்ப்பது பற்றியது. கூடவே, வளர்க்காமலும் பார்க்காமலும் அதை மொழிபெயர்த்த ஒரு பிழையைப் பற்றியதும் ஆகும். பிழை நம்முடையது என்பதால் சற்று விரிவாகவே பேச உரிமை இருப்பதாகக் கருதுகிறோம்.

ஒப்பிலக்கிய வகுப்பில் ரோமானியக் கவி ஓவிடின் ‘உருமாற்றங்கள்’ காவியத்திலிருந்து கிளைத்தியின் கதையைச் சொல்வது நமது வழக்கம். சூரியதேவன் மேல் காதல் கொண்டவள் கிளைத்தி. அவனோ வேறொருத்தியை நாடினான். பொறாமையில் அவள் அந்தப் பெண்ணைத் தந்தையிடம் காட்டிக்கொடுக்க, அவன் மகளை உயிரோடு புதைத்துவிட்டான். அதன்பின் சூரியன் கிளைத்தியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்பது நாள் உண்ணாமல் வெறுந்தரையில் அமர்ந்து, வானில் அவன் போகும் திசையெல்லாம் முகத்தைத் திருப்பியபடி இருந்தவள், அப்படியே வேர்விட்டு ஒரு பூவாகிப் போனாள். அந்தப் பூ ஹெலியோட்ரோப். ‘சூரியனை நோக்கித் திரும்புவது’ என்று கிரேக்கத்தில் பொருள். பொருள் தெரிந்துவிட்டதல்லவா? ‘சூரியகாந்தி’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். பத்து ஆண்டுகள் அப்படியே நடத்தவும் செய்தோம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், பின் வரிசையிலிருந்து குன்னூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். “ஐயா, ஹெலியோட்ரோப் எங்க பாட்டி வீட்டு வேலியில இருக்குங்க ஐயா. அது சூரியகாந்தி இல்லீங்க. ஊதாவா, குட்டிக் குட்டியா இருக்கும். ஐஸ்கிரீம் மாதிரி வாசம் அடிக்கும்” என்றாள்.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துச் சமாளித்தோம் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறோம்.

* * *

அந்த டிசம்பர் விடுமுறையில் குன்னூர் போயிருந்தபோது அந்த வேலியை நேரில் பார்த்தோம். மாணவியின் தாத்தா தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றில் தோட்டக்காரராக இருந்தவர். அங்கே கவாத்து செய்து எறிந்த குச்சிகளைக் கொண்டுவந்து வீட்டைச் சுற்றி ஊன்றியிருக்கிறார். அவர் காலத்துக்குப் பின் பாட்டி பார்த்துக்கொண்டார். பாட்டியின் வாயில் அதன் பெயர் ‘எலிட்ராப்பு’.

இடுப்பளவு உயரப் புதர். கரும்பச்சையில், நரம்போடிச் சுருக்கம் விழுந்த, தொட்டால் சொரசொரக்கும் இலைகள். ஒவ்வொரு கிளை நுனியிலும் கடுகை விடச் சற்றே பெரிய மொட்டுகள் இரட்டை வரிசையாய் ஏறி, வரிசையின் முனை வால்போல் உள்ளே சுருண்டிருந்தது. சுருள் அவிழ அவிழப் பூக்கள் அடியிலிருந்து மேலாக மலர்ந்து வருகின்றன. குனிந்து முகர்ந்தோம். வெனிலா, அதற்குள் பாதாம், அதற்கும் அடியில் பழம் வேகும் ஒரு வாசனை. ஆங்கிலேயர் இதற்குச் ‘செர்ரிப் பை’ என்று அடுப்படிப் பெயர் வைத்ததன் நியாயம் விளங்கியது.

ஒரு பகல் முழுதும் இருந்தோம். காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு என்று எந்தக் கொத்தும் சூரியனைத் தேடித் திரும்பவில்லை. கிளைகள் வெளிச்சம் உள்ள பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதை எந்தச் செடியும் செய்யும். “சூரியனைப் பார்த்துத் திரும்புமா பாட்டி?” என்று கேட்டோம். “அது ஏன் வாத்தியாரய்யா திரும்பணும்? வாசத்துக்குத்தான் எல்லாரும் அது பக்கம் திரும்புறாங்க” என்றார்.

ஊர் திரும்பியபின் தேடிப் படித்தோம். தோட்டத்தில் வளரும் இந்தச் செடியின் தாயகம் தென் அமெரிக்காவின் பெரு. 1735இல் புறப்பட்ட பிரெஞ்சு அறிவியல் பயணக் குழுவில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் தெ ஜூசியூ அங்கிருந்து விதைகளைப் பாரிசுக்கு அனுப்பினார். 1759இல் லின்னேயஸ் இதற்கு ‘ஹெலியோட்ரோப்பியம் அர்போரெசென்ஸ்’ என்று பெயர் கொடுத்தார். ஓவிட் மறைந்து ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பா கண்ட செடி இது. ஆகவே கிளைத்தி இந்தப் பூவாக மாறியிருக்க முடியாது. நாம் சொல்லிக்கொடுத்த சூரியகாந்தியாகவும் மாறியிருக்க முடியாது. அது வட அமெரிக்காவுக்கு உரியது, ஐரோப்பாவுக்குள் வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். அதிலும் இளஞ்செடிதான் சூரியனோடு திரும்புகிறது. முதிர்ந்து மலர்ந்தபின் தலை கிழக்கு நோக்கி நின்றுவிடுகிறது.

மத்தியதரைக் கடல் நாடுகளில் வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு ஹெலியோட்ரோப் களையாக வளர்கிறது. பழைய கிரேக்கர் குறித்தது அதைத்தான் என்பது பரவலான கருத்து. கிளைத்தியின் பூவை ஓவிட் ஊதாப்பூப் போன்றது என்று வருணிப்பதால் அங்கும் ஒரு நெருடல் உண்டு. பெயருக்குக்கூட இன்னொரு விளக்கம் இருக்கிறது: செடி சூரியனை நோக்கித் திரும்புவதால் அல்ல, சூரியன் தன் பாதையில் திரும்பும் கோடைப் பருவத்தில் மலர்வதால் வந்த பெயர் என்பர். ஒரு பெயருக்குள் இத்தனை முடிச்சுகள்! நாம் அதை ஒரே சொல்லில் அவிழ்த்துவிட்டதாக எண்ணியிருந்தோம்.

* * *

இனி வளர்ப்பதைப் பற்றிப் பேசலாம். பாட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த ஆறு குச்சிகளோடு சமவெளிக்கு இறங்கியவர்கள் நாம். ஆறும் பத்து நாட்களில் கறுத்துப்போயின. அவசரப்பட்டு நர்சரி ஒன்றில் விதைப் பொட்டலம் வாங்கி விதைத்தோம். முளைத்து, வளர்ந்து, அடர் ஊதாவில் பெரிய பெரிய கொத்துகளாகப் பூத்தது. ஆனால் முகர்ந்தால் ஏதுமில்லை, நனைந்த தாளின் வாசனைதான். அடுத்த முறை மலையேறியபோது பாட்டியிடம் இதைச் சொன்னோம். “விதையை நம்பாதீங்க. மூக்கை வெச்சுப் பாத்து, வாசம் இருக்கிற செடியிலதான் குச்சி ஒடிக்கணும்” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் ஹெலியோட்ரோப் வளர்ப்பின் சாரம் அடங்கியிருக்கிறது. விதையிலிருந்து வருபவை ஒன்றுபோல் இருப்பதில்லை. மணம் கூடியும் குறைந்தும் வரும், சிலவற்றில் இல்லாமலும் போகும். ‘மரீன்’ போன்று விதையாக விற்கப்படும் வகைகள் நிறத்துக்கும் குட்டையான கட்டமைப்புக்கும் பெயர்பெற்றவை. மணத்தில் பழைய வகைகளுக்கு ஈடில்லை என்பதே தோட்டக்காரர்களின் பொதுவான குறை. பழைய மணமுள்ள வகைகள் குச்சி வழியாக மட்டுமே மாறாமல் தொடர்கின்றன.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்தச் செடிக்கு ஒரு பித்தே இருந்தது. பிரான்சின் நான்சி நகரத்து லெமுவான் பண்ணை பல வகைகளை உருவாக்கியது. பனி தாங்காத செடி என்பதால் குளிர்காலம் முழுதும் கண்ணாடி வீட்டில் கதகதப்பில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். முதல் உலகப்போருக்குப் பின் அதற்கான ஆளும் நிலக்கரியும் அருகியபோது, பல செல்வந்தர் தோட்டங்களிலிருந்து இது மறைந்தது. எஞ்சியவற்றை இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டம் தேசியத் தொகுப்பாகப் பேணிவருகிறது.

ஏட்டுச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஓலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகள்தான். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் உட்கார்ந்து பெயர்த்து எழுதியதால்தான் சங்கப் பாடல் நமக்கு வந்து சேர்ந்தது. எழுதாத நூல்கள் போயின. மணமுள்ள ஹெலியோட்ரோப்பும் அப்படியே. ஆண்டுக்கொருமுறை ஒருவர் குச்சி ஒடித்து ஊன்ற வேண்டும். ஊன்றாத ஆண்டில் ஒரு வகை உலகைவிட்டுப் போய்விடக்கூடும்.

சமவெளியில் வளர்க்க விரும்புவோருக்குப் பட்ட பாட்டிலிருந்து சில குறிப்புகள்.

குச்சி நான்கு விரற்கடை நீளம் இருக்கட்டும். பூக்காத இளங்கிளை நுனியாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளைக் களைந்துவிட வேண்டும். முற்றிய தண்டு வேர்விடுவது அரிது. ஆற்றுமணலும் தென்னைநார்க் கழிவும் சமபங்கு கலந்து அதில் ஊன்றி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கலாம். மேலே கண்ணாடிக் குடுவை கவிழ்ப்பது நல்லது. ஆனால் தினம் ஒருமுறை திறந்து காற்றுவிடாவிட்டால் அழுகிவிடும். நமது முதல் ஆறு குச்சிகளும் அப்படித்தான் போயின. மூன்று, நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும்.

மண் செழிப்பாகவும் நீர் தேங்காமலும் இருக்க வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் கலந்து, தொட்டியின் அடித்துளை மேல் ஓட்டுச் சில்லு வைத்து நிரப்பினால் போதும். நீர் விஷயத்தில் இச்செடி மிகுந்த மானமுடையது. மண் காய்ந்தால் இரண்டு மணி நேரத்தில் தலை தொங்கிவிடும்; நீர் விட்டால் நிமிர்ந்தாலும் கீழிலைகளின் ஓரம் கருகியதை மறக்காது. நீர் மிகுந்தால் வேரழுகி ஒரேயடியாகச் சாகும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து நீர் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

‘சூரியன்’ என்று பெயரில் இருப்பதை நம்பி முழுவெயிலில் வைத்தது நமது இரண்டாவது பிழை. குளிர் நாட்டில் அதற்கு நாள் முழுதும் வெயில் வேண்டும். நம் ஊரில் காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் போதும். உச்சிக்குப் பின் நிழல் வேண்டும். ஐப்பசி அடைமழை ஓய்ந்தபின் நட்டால் மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் பூக்கும். பங்குனியில் சோர்ந்து, சித்திரையில் நம்மோடு சண்டை தொடங்கும். அக்கினி நட்சத்திரத்தைக் கடத்துவது நமக்கு இருமுறைதான் வாய்த்தது.

செடி ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், பக்கக்கிளை பெருகும். வாடிய கொத்துகளை வெட்டினால் புதியவை வரும். வெள்ளை ஈயும் செம்பேனும் இதை நாடும். இலையின் அடிப்புறத்தை வாரமொருமுறை புரட்டிப் பார்த்து, வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளித்தால் கட்டுக்குள் இருக்கும். மணம் பகலைவிட மாலையில் நன்றாகத் தெரிந்தது என்பது நமது அனுபவம். உட்காரும் இடத்தருகே தொட்டியை வைப்பது நலம்.

* * *

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த பின்புதான் அருகிலிருந்ததைக் கண்டோம். கோடையில் வற்றிய குளத்தருகே நடந்து போகும்போது, அதே சுருக்க இலை, அதே இரட்டை வரிசை, அதே சுருண்ட வால். பூ மட்டும் வெளிறிய ஊதா, மணமில்லை. நின்று பார்த்தால், சிறுவயதிலிருந்து மிதித்து நடந்த தேள்கொடுக்குச் செடி! ‘ஹெலியோட்ரோப்பியம் இண்டிகம்’ என்பது அதன் தாவரவியற் பெயர். மலையிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த சீமாட்டிக்கு நம் குளக்கரையில் பெரியம்மா மகள் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

பெயரைப் பாருங்கள். பழைய கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ், ஹெலியோட்ரோப்பின் பூங்கொத்து தேளின் வால்போல் இருப்பதால் அதற்குத் ‘தேள்வால்’ என்றும் ஒரு பெயர் வழங்குவதாகக் குறித்திருக்கிறார். தாவரவியலாளர் இவ்வகைச் சுருள் மஞ்சரிக்கு இன்றும் தேளின் பெயரையே சூட்டுகின்றனர். நம் மக்கள் தேள்கொடுக்கு என்றார்கள். வடமொழியில் யானைத் துதிக்கையைக் குறிக்கும் ‘ஹஸ்திசுண்டி’. கண்ணால் பார்த்தவர்கள் எல்லோரும் சுருளைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம்தான் செடியைப் பாராமல் சொல்லைப் பார்த்துப் பெயர் வைத்தோம். (நாட்டுப்பெயரிலும் எச்சரிக்கை தேவை. சில ஊர்களில் புலிநகம் என்னும் வளைந்த முள்காயுள்ள வேறொரு செடியையும் தேள்கொடுக்கு என்பர். அங்கும் செடியை நேரில் பார்ப்பதே தீர்வு.)

அழகைப் பேசும்போது நஞ்சைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இந்தப் பேரினச் செடிகளில் கல்லீரலைத் தாக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு. 1970களின் நடுப்பகுதியில் ஆப்கானிஸ்தானின் ஹெராத் மாகாணத்துக் குல்ரான் பகுதியில், வறட்சிக்குப் பிந்தைய விளைச்சலில் ஹெலியோட்ரோப் விதைகள் கோதுமையோடு கலந்துவிட்டன. அந்த ரொட்டியை உண்ட ஏராளமானோர் வயிறு வீங்கிக் கல்லீரல் நோயில் விழுந்தனர், பலர் இறந்தனர். 1990களின் தொடக்கத்தில் தஜிகிஸ்தானிலும் இதே துயரம் நிகழ்ந்தது. தேள்கொடுக்கு இலையை அரைத்துப் புண்ணுக்கும் தேள்கடிக்கும் பூசும் வழக்கம் நாட்டு மருத்துவத்தில் உண்டு. எவ்வாறாயினும் இவ்விரு செடிகளையும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். வீட்டில் தவழும் குழந்தையோ இலை கடிக்கும் நாயோ இருந்தால் தொட்டி உயரத்தில் இருக்கட்டும்.

அதே நஞ்சுக்காகவே வருவோரும் உளர். எருக்கிலையில் புழுவாய் வளர்ந்து, ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு ஓரம் கட்டிப் பறக்கும் பட்டாம்பூச்சியை அனைவரும் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்து ஆண்கள் வாடிய ஹெலியோட்ரோப் தண்டுகளை மொய்த்து அதன் ஆல்கலாய்டை உறிஞ்சுகின்றன. பகைவரிடமிருந்து காப்பாகவும், பெண்ணைக் கவரும் மணமாகவும் அது அவற்றின் உடலில் மாறுகிறது. வெட்டிய கிளைகளை உடனே குப்பையில் போடாமல் ஒரு மூலையில் காயவிட்டால் நீங்களும் இதைக் காணலாம். சூரியன் வராவிட்டாலும் கிளைத்தியைத் தேடி வருவோர் இருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

மணத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. ஹெலியோட்ரோப் வாசனைக்காக வாசனைத் திரவியக்காரர்கள் கையாளும் வேதிப்பொருளின் ஒரு பெயர் ஹெலியோட்ரோப்பின். இன்னொரு பெயர் பைப்பரோனல். இரண்டாம் பெயரில் ஒளிந்திருப்பது மிளகு. 1869இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் அதை முதலில் பெற்றது மிளகின் காரப்பொருளிலிருந்து. 1906இல் கெர்லன் நிறுவனம் வெளியிட்ட ‘அப்ரே லொந்தே’ என்ற புகழ்பெற்ற வாசனைத் திரவியத்தில் அது முக்கியப் பங்கு வகித்தது. ‘மழைக்குப் பின்’ என்று அதற்குப் பொருள். பின்னாளில் வேறு எண்ணெய்களிலிருந்து செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஆயினும் பாரிஸ் சீமாட்டிகளின் கைக்குட்டையில் மணந்ததன் மூதாதை ஒரு மிளகுமணி என்பதில் நமக்கு அற்ப மகிழ்ச்சி உண்டு.

* * *

மொழிபெயர்ப்பு விஷயத்துக்கு வருவோம். கிளைத்தியின் கதைக்குத் தமிழில் இணை இல்லை என்று யாரும் கருத வேண்டாம். சூரியனை எதிர்கொள்ளும் பூ என்றால் நம் மரபில் அது நெருஞ்சி. புறநானூற்றின் 155ஆம் பாடலில் மோசிகீரனார், பாழூரில் பூத்த நெருஞ்சி ஞாயிற்றை எதிர்கொள்வதுபோல் வறிய புலவரின் கலங்கள் கொண்கானங்கிழானின் மார்பை நோக்கி மலர்ந்தன என்கிறார். குறுந்தொகை 202இல் அள்ளூர் நன்முல்லையின் தலைவிக்கு, கண்ணுக்கினிய புதுப்பூவாய்த் தோன்றிப் பின் முள்ளாகும் நெருஞ்சி, இனியனாயிருந்து இன்னாதவனான காதலனை நினைவூட்டுகிறது. சூரியனையே நோக்குவதும், காதல் முள்ளாவதும்! கிளைத்தியின் துயரம் முழுவதும் ஒரு நெருஞ்சிக்குள் இருக்கிறது.

ஆகவே நமது கருத்து இதுதான். ஓவிடை மொழிபெயர்ப்பவர் ‘ஹெலியோட்ரோப்’ என்றே எழுதி, நெருஞ்சியைக் குறிப்பில் சுட்டட்டும். விக்டோரியா காலத்து நாவலின் தோட்டத்தில் அச்சொல் வந்தால் பெயரை அப்படியே வைத்து மணத்தைச் சொல்லட்டும். செடியின் இனத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் தேள்கொடுக்கு என்று சொல்லத் தயங்க வேண்டாம். சூரியகாந்தி மட்டும் எங்கும் பொருந்தாது. அகராதியில் நேர்ப்பொருள் பார்த்துத் தீர்த்துவிடும் சோம்பலுக்கு அது ஒரு சாட்சி. அந்தச் சோம்பலில் பத்தாண்டுகள் இருந்தவர் என்ற முறையில் சொல்கிறோம்.

“ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு செடி வளர்த்துக்கொண்டிருக்க முடியுமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியாதுதான். ஆனால் பேராசிரியர்கள் அகராதியில் விட்டதை ஒரு தோட்டக்காரரின் மனைவி மூக்கால் அறிந்திருந்தார் என்பதையாவது மறவாமல் இருக்க முடியும். வகுப்பில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்போது சிரிக்காமல் இருக்கவும் முடியும்.

பாட்டி இப்போது இல்லை. அவர் மறைந்த மறு ஆண்டு அந்த வீடு கைமாறியது. வேலி இருந்த இடத்தில் இன்று வாகனம் நிறுத்தும் தளம். செய்தி சொன்ன மாணவி, “ஒரு குச்சிகூட எடுத்து வைக்காம விட்டுட்டோம் ஐயா” என்று தொலைபேசியில் அழுதாள். அந்தச் சித்திரையில் நம்மிடம் இருந்ததோ ஒரே ஒரு தொட்டி; அதிலும் பாதி கருகியிருந்தது. பச்சை மிச்சமிருந்த கிளையில் நான்கு குச்சி ஒடித்தோம். இரண்டு பிழைத்தன. ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் குன்னூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மலைக்காற்றில் அது இப்போது இடுப்பளவு வளர்ந்துவிட்டதாகக் கேள்வி. மற்றொன்று இதை எழுதும் மேசையருகே, சன்னலுக்கு வெளியே, நமக்கு ஒத்துவராத இந்த வெயிலோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறது.

வரும் ஐப்பசிக்குப் பின் குச்சி ஒடிக்கலாம். கேட்கும் அன்பர்களுக்குத் தருகிறோம். விலை இல்லை, இரண்டு நிபந்தனைகள் உண்டு. வேர்பிடித்து வளர்ந்தபின் குறைந்தது இருவருக்கு நீங்கள் குச்சி ஒடித்துக் கொடுக்க வேண்டும். யாராவது பெயர் கேட்டால், சூரியகாந்தி என்று சொல்லக் கூடாது.